வெண்கல டாக்டரும் மூன்று பெண்களும்

இன்னைக்கு ஒரு சிலையோட கதை. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க. நடுவுல பிரசவம், ஆபரேஷன், வலின்னு வரும். அதெல்லாம் படிக்க முடியாதவங்க இங்கயே நிறுத்திக்கலாம், தப்பில்ல.

2018 ஏப்ரல் 17. நியூயார்க் நகரம், சென்ட்ரல் பார்க்கின் கிழக்கு ஓரம், ஐந்தாவது அவென்யூவும் 103வது தெருவும் சந்திக்கிற இடம். பூங்காத் துறை ஊழியர்கள் ஒரு பெரிய வெண்கலச் சிலையைக் கட்டி, பீடத்திலிருந்து தூக்கி, லாரியில் ஏற்றினார்கள். சுற்றி நின்ற ஜனங்கள் கை தட்டினார்கள்.

சிலையில் இருந்தவர் அரசியல்வாதி இல்லை. ராணுவத் தளபதியும் இல்லை. ஒரு டாக்டர். பெயர் ஜேம்ஸ் மரியன் சிம்ஸ்.

இந்தப் பேரைக் கேட்டா எந்த எம்.பி.பி.எஸ். மாணவருக்கும் ஒரு கருவி ஞாபகம் வரும். சிம்ஸ் ஸ்பெகுலம். இரண்டு முனையிலும் வாத்து அலகு மாதிரி வளைந்த ஸ்டீல் கருவி. நம்ம ஊர் அரசு மருத்துவமனை மகப்பேறு ஓ.பி.யிலயும் டிரேயில கிடக்கும். கர்ப்பப்பை வாய் பரிசோதனைக்குப் போயிருக்கீங்கன்னா அதை வெச்சு உங்களைப் பார்த்திருக்கலாம். இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்து, மேல் காலை மடக்கிக்கோங்கன்னு சொல்வோமே, அந்த நிலைக்கும் சிம்ஸ் பொசிஷன்னுதான் பேரு.

நவீன பெண்கள் மருத்துவத்தின் தந்தைன்னு புத்தகத்தில் படிச்சுத்தான் நாங்க பாஸ் பண்ணினோம். அப்படிப்பட்டவரோட சிலையை ஏன் ஒரு ஊரே சேர்ந்து இறக்கணும்?

அதுக்கு முதல்ல ஒரு வியாதியைப் புரிஞ்சுக்கணும்.

பிரசவ வலி வருது. குழந்தையின் தலை இடுப்பெலும்பில் மாட்டிக்கிட்டு இறங்க மாட்டேங்குது. இன்னைக்குன்னா சில மணி நேரத்துல சிசேரியன். அந்தக் காலத்தில் அது கிடையாது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். அவ்வளவு நேரமும் குழந்தையின் தலை ஒரு பக்கம், தாயின் எலும்பு மறுபக்கம், நடுவில் சிறுநீர்ப்பை நசுங்குகிறது. நசுங்கிய இடத்துக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத சதை செத்துவிடும். குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். சில நாள் கழித்து அந்தச் செத்த சதை உதிர்ந்து விழ, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஒரு ஓட்டை. அதற்குத்தான் ஃபிஸ்டுலா என்று பெயர். அதன் பிறகு அந்தப் பெண்ணுக்குச் சிறுநீரை அடக்கவே முடியாது. ராத்திரி பகல் சொட்டிக்கொண்டே இருக்கும். தொடை புண்ணாகும். நாற்றம் அடிக்கும். புருஷன் ஒதுக்குவான், ஊர் ஒதுக்கும். சிலருக்கு மலக்குடல் பக்கமும் ஓட்டை விழும்.

1840களில் இதற்கு நம்பகமான வைத்தியமே கிடையாது. ஐரோப்பாவில் சிலர் தைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் தையல் பிரிந்துவிடும்.

1845. அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலம், மாண்ட்கோமரி ஊர். அடிமை முறை சட்டப்படி நடந்துகொண்டிருந்த இடம். சிம்ஸ் அங்கே முப்பது வயசு தாண்டிய டாக்டர். பருத்திப் பண்ணை முதலாளிகளின் அடிமைகளுக்கு வைத்தியம் பார்ப்பது அவர் தொழிலில் முக்கியமான வருமானம். பக்கத்துப் பண்ணையில் அனார்கா என்ற 17 வயது அடிமைப் பெண்ணுக்கு மூன்று நாளாகப் பிரசவம் ஆகவில்லை என்று கூப்பிட்டார்கள். ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார். சில நாளில் ஃபிஸ்டுலா. கொஞ்ச நாளிலேயே பெட்ஸி, லூசி என்று இன்னும் இரண்டு இளம் அடிமைப் பெண்கள் அதே வியாதியோடு வந்து சேர்ந்தார்கள். மூவரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் முதலில் கையை விரித்தார்.

அப்புறம் ஒரு தற்செயல். குதிரையிலிருந்து விழுந்து கர்ப்பப்பை நகர்ந்துபோன ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு வைத்தியம் பார்க்கும்போது, முழங்காலிலும் முழங்கையிலும் ஊன்றிக் குனிய வைத்துப் பரிசோதித்தார். காற்று உள்ளே போய் எல்லாம் விரிந்துகொடுத்தது. அட, இப்படிப் பார்த்தா அந்த ஓட்டையும் தெரியுமே என்று பொறி தட்டியது. வீட்டுக்குப் போகிற வழியில் கடையில் ஒரு வெள்ளீயக் கரண்டி வாங்கினார். காம்பை வளைத்தார். லூசியை ஊருக்குத் திருப்பி அனுப்ப இருந்த நேரம், அதை நிறுத்திவிட்டு, பெட்ஸியைக் குனிய வைத்து அந்தக் கரண்டியால் விரித்துப் பார்த்தார். ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. இன்னைக்கு எங்க கையில இருக்கிற சிம்ஸ் ஸ்பெகுலத்துக்கு அந்தக் கரண்டிதான் தாத்தா.

இதுவரைக்கும் பாடப்புத்தகக் கதைதான். கேட்க நல்லாவும் இருக்கு.

சிம்ஸ் அந்தப் பெண்களின் முதலாளிகளிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். சாப்பாடு, தங்குமிடம் என் செலவு. வரியும் துணிமணியும் உங்கள் செலவு. குணமாகும் வரை இவர்கள் என் வசம். வீட்டின் பின்கட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி கட்டினார். இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து, சம்மதம், பேரம் எல்லாமே இரண்டு வெள்ளைக்கார ஆண்களுக்கு நடுவில். நோயாளி அதில் பொருள்.

முதல் ஆபரேஷன் லூசிக்கு. சுமார் 18 வயது. ஊர் டாக்டர்கள் ஒரு டஜன் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். லூசி நிர்வாணமாக, முழங்கால் ஊன்றிக் குனிந்த நிலையில், சுமார் ஒரு மணி நேரம். மயக்க மருந்து இல்லை. ஆபரேஷன் தோல்வி. சிறுநீர் வடிய ஒரு ஸ்பாஞ்சு துண்டை உள்ளே வைத்திருந்தார் சிம்ஸ். அது சதையோடு ஒட்டி, கல் மாதிரி இறுகி, கடுமையான காய்ச்சல் வந்து லூசி சாவின் விளிம்புக்குப் போனார். எழுந்து உட்காரவே இரண்டு மூன்று மாதம் ஆனது. லூசியின் வேதனை மிகக் கொடூரமாக இருந்தது, செத்துவிடுவார் என்று நினைத்தேன் என்று சிம்ஸே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவரை யாரோ வேண்டாதவர் குற்றம் சாட்டுற கதை இல்ல இது. பெரும்பகுதி அவரே எழுதினது.

அடுத்து பெட்ஸி. பிறகு அனார்கா. பிறகு மறுபடி லூசி. இப்படி நான்கு வருடம். தோல்வி, தோல்வி, தோல்வி. வேடிக்கை பார்க்க வந்த டாக்டர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். குடும்பத்தை நினைத்தாவது இதை விட்டுவிடுங்கள் என்று அவருடைய மைத்துனரே வந்து கெஞ்சினார், அவரும் டாக்டர். சிம்ஸ் கேட்கவில்லை.

அப்போ ஆபரேஷனுக்கு அசிஸ்டெண்ட் யாரு?

அந்தப் பெண்களேதான். ஒருவர் மேசையில் குனிந்திருப்பார். மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள், கருவி எடுத்துக் கொடுப்பார்கள், பிறகு புண்ணைச் சுத்தம் செய்வார்கள். அடுத்த வாரம் இடம் மாறும். ஒரு சர்ஜன் எனக்கு இது சொல்றது என்னன்னா, 1849ல உலகத்திலேயே ஃபிஸ்டுலா ஆபரேஷனை அதிக தடவை பக்கத்திலிருந்து பார்த்த அசிஸ்டெண்டுகள் அந்த அடிமைப் பெண்கள்தான். ஆபரேஷன் தியேட்டரில் நாலு வருஷம் நின்னவங்களை நாம நர்ஸ்னு சொல்வோம், டெக்னீஷியன்னு சொல்வோம். அவங்களை வரலாறு 'கேஸ்'னு சொல்லிடுச்சு.

கடைசியில் வெற்றி எப்படி வந்தது? பட்டு நூல் தையல் புண்ணாக்குகிறது என்று புரிந்து, ஒரு நகைக்கடைக்காரரிடம் சொல்லி மெல்லிய வெள்ளிக் கம்பி செய்து வாங்கினார். 1849ல் அந்தக் கம்பியால் அனார்காவைத் தைத்தார். தையல் பிடித்தது. அது அனார்காவுக்கு 30வது ஆபரேஷன்.

முப்பது. இன்னொரு தடவை படிங்க.

இப்போ நிறைய பேர் கேட்கிற கேள்விக்கு வர்றேன். மயக்க மருந்துன்னே ஒண்ணு அப்போ இல்லையே, அவர் என்ன பண்ணுவார்? நியாயமான கேள்வி. 1845ல் உண்மையிலேயே புழக்கத்தில் இல்லை. ஆனால் பாஸ்டனில் ஈதர் கொடுத்து எல்லோர் முன்னிலையிலும் ஆபரேஷன் செய்து காட்டியது 1846 அக்டோபரில். குளோரோஃபார்ம் 1847. சிம்ஸின் ஆபரேஷன்கள் 1849 வரை நடந்தன. புது மருந்து, ஆபத்தானது, பல டாக்டர்கள் பயந்தார்கள் என்பதும் உண்மை. அதோடு நிறுத்தியிருந்தா நானும் அவருக்காக வாதாடுவேன். ஆனால் 1857ல், நியூயார்க்கில் பெரிய ஆள் ஆன பிறகு, ஒரு உரையில் அவர் சொன்னார்: இந்த ஆபரேஷனின் வலி, மயக்க மருந்தின் தொந்தரவையும் ஆபத்தையும் ஏற்கிற அளவுக்குப் பெரியதில்லை என்று. லூசியின் வேதனையைக் கண்ணால் பார்த்தவர், பின்னாளில் அதை எழுதியும் வைத்தவர், மேடையில் சொன்னது இது.

ஆபரேஷன் முடிந்த பிறகு அபின் கொடுத்தார். பல நாள் தொடர்ந்து கொடுத்தார். மலச்சிக்கல் உண்டாகித் தையல் பிரியாமல் இருக்கும் என்பது அதற்கு ஒரு காரணம்.

இரண்டாவது வாதம்: அந்தப் பெண்களே ஆபரேஷன் செய்யச் சொல்லிக் கெஞ்சினார்கள் என்று சிம்ஸ் எழுதியிருக்கிறாரே. இருக்கலாம். அதை நான் முழுசா தள்ளமாட்டேன். ஃபிஸ்டுலா வந்த பெண் எந்த ஆபரேஷனுக்கும் தயாராத்தான் இருப்பாங்க. சிம்ஸை ஆதரித்து எழுதிய ஃபிஸ்டுலா சர்ஜன்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனா இருபதாவது தடவை போதும் என்று அனார்கா சொல்லியிருந்தால்? வாசலைத் தாண்டிப் போயிருக்க முடியுமா? தப்பி ஓடிய அடிமைன்னு பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பாங்க. வேண்டாம்னு சொல்ல முடியாதவங்க சரின்னு சொன்னா அதுக்குப் பேரு சம்மதம் இல்ல. அவர்கள் பக்கத்து வார்த்தை ஒன்றுகூட நம்மிடம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதையே 1832லிருந்து அலபாமா சட்டம் தடை செய்திருந்தது. கடிதமோ டைரியோ எப்படி இருக்கும்?

1852ல் கட்டுரை வெளியானது. 1853ல் சிம்ஸ் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். 1855ல் பெண்களுக்கென்று தனி மருத்துவமனை தொடங்கினார். ஏழைகளும், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய பெண்களும் அங்கே நோயாளிகள். பிறகு ஐரோப்பா, பிரெஞ்சுப் பேரரசி யூஜினிக்கு வைத்தியம், பல நாட்டு அரசு விருதுகள், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தலைவர் பதவி. 1883ல் இறந்தார். அடுத்த வருடம் சுயசரிதை அச்சானது.

அவர் நினைவாகச் சிலை வைக்க டாக்டர்கள் பணம் திரட்டினார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகரில் தலைமுறையாக வெண்கலம் வார்க்கிற மில்லர் குடும்பத்து ஃபெர்டினாண்ட் ஃபான் மில்லர் சிலையைச் செய்தார். அவருடைய அப்பாதான் மியூனிக்கில் நிற்கும் பிரம்மாண்டமான பவேரியா சிலையை வார்த்தவர். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1894 அக்டோபர் 20 அன்று நியூயார்க்கின் பிரையண்ட் பார்க்கில் சிம்ஸ் சிலை திறக்கப்பட்டது. அமெரிக்காவில் ஒரு மருத்துவருக்கு வைக்கப்பட்ட முதல் சிலை என்றே இதைச் சொல்வார்கள். 1930களில் அந்தப் பூங்காவைத் தோண்டிப் புதுப்பித்தபோது கழற்றி, 1934ல் ஐந்தாவது அவென்யூவில், நியூயார்க் மருத்துவ அகாடமி கட்டடத்துக்கு எதிரே கொண்டுபோய் வைத்தார்கள்.

பீடத்தில் என்ன செதுக்கியிருந்தது தெரியுமா? அறுவை நிபுணர், கொடையாளர், பெண்கள் மருத்துவமனையின் நிறுவனர், அமெரிக்க அறுவை மருத்துவத்தின் புகழை உலகெங்கும் கொண்டு சென்றவர். அப்புறம் விருது கொடுத்த நாடுகளின் பட்டியல். அனார்கா, லூசி, பெட்ஸி பெயர்கள் இல்லை.

அவங்க பேரு யாருக்கும் தெரியாம போயிருக்கும்னு நினைக்காதீங்க. சிலை திறப்பதற்குப் பத்து வருடம் முன்பே சிம்ஸின் சுயசரிதையில் மூன்று பெயர்களும் அச்சில் வந்துவிட்டன. பணம் போட்ட டாக்டர்களில் எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். பெல்ஜியம், போர்ச்சுகலுக்கெல்லாம் கல்லில் இடம் இருந்தது. மூணு பேருக்கு இடமில்ல. எனக்கு இந்தச் சிலையில் உறுத்துறது சிம்ஸ் நின்னது இல்ல, தனியா நின்னது. நாலு பேர் சேர்ந்து கண்டுபிடிச்ச ஆபரேஷனுக்கு ஒருத்தரை மட்டும் வார்த்தா, அந்த வெண்கலம் எவ்வளவு அழகா இருந்தாலும் அது பாதி கேஸ் ஷீட்தான்.

சிலைகள் நமக்குத் தெரியாததா? மூலைக்கு ஒண்ணு வெச்சிருக்கோம், வெயில்ல காயும், காக்கா உட்காரும், பிறந்தநாளைக்கு மாலை விழும், மத்த நாள் யாரும் நிமிர்ந்து பார்க்கிறதில்ல. 103வது தெருச் சிலையும் ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்தது. ஆனா அது நின்ற இடத்தைக் கவனிங்க. பூங்காவின் அந்த ஓரத்தைத் தாண்டினால் கிழக்கு ஹார்லெம். கறுப்பின மக்களும், பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் நிறைந்த பகுதி. கருத்தடை மாத்திரையை முதன்முதலில் பெரிய அளவில் மனிதர்களிடம் சோதித்தது 1956ல், அதே பியூர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம்தான். பரிசோதனை என்ற வார்த்தைக்கு அந்தத் தெருவில் நடந்துபோன பெண்களுக்கு வேறு அர்த்தம் இருந்தது.

ஹாரியட் வாஷிங்டன் என்ற எழுத்தாளர் 2006ல் வந்த தன் புத்தகத்தில் இந்த வரலாற்றை விரிவாக எழுதினார். கிழக்கு ஹார்லெம் மக்கள் மனு கொடுக்க ஆரம்பித்தார்கள். உள்ளடக்கம் பிடிக்கவில்லை என்பதற்காகக் கலைப்பொருளை அகற்றுவதில்லை என்பதுதான் நகர நிர்வாகத்தின் நிலை. வருடங்கள் ஓடின.

2017 ஆகஸ்டில் சார்லட்ஸ்வில் நகரில் நிறவெறியர்களின் ஊர்வலமும் அதில் நடந்த சாவும் நாட்டையே உலுக்கின. அதே மாதம் இளம் கறுப்பினப் பெண்கள் சிலர் ஆஸ்பத்திரி கவுன் அணிந்து, இடுப்புக்குக் கீழே சிவப்புச் சாயம் வழிய, சிம்ஸ் சிலையின் முன் வந்து நின்றார்கள். அந்தப் படம் உலகம் சுற்றியது. 'நேச்சர்' இதழ் சிலைகளை அகற்றுவது வரலாற்றை வெள்ளையடிப்பதாகும் என்கிற தொனியில் தலையங்கம் எழுதி, விஞ்ஞானிகளிடமே வாங்கிக் கட்டிக்கொண்டு, தலைப்பை மாற்றி மன்னிப்பும் கேட்டது. மேயர் ஒரு குழு அமைத்தார். கொலம்பஸ் உட்படப் பல சிலைகளை அலசிய அந்தக் குழு, இடத்தை விட்டு நகர்த்தச் சொன்னது சிம்ஸ் சிலையை மட்டும்தான். 2018 ஏப்ரல் 16ல் நகர வடிவமைப்பு ஆணையம் ஒருமனதாக வாக்களித்தது. மறுநாள் காலை லாரி வந்துவிட்டது. சிம்ஸின் கல்லறை இருக்கிற புரூக்ளின் கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்துக்கு அதை அனுப்புவது என்று முடிவு. 103வது தெருவில் வெறும் பீடம் நின்றது.

சிலையை எடுத்தா வரலாறு அழிஞ்சிடுமான்னு கேட்டா, என் அனுபவம் நேர்மாறு. சிலை நின்ற 124 வருஷத்தில் அனார்கா பேரை எந்த வகுப்பிலயும் யாரும் எனக்குச் சொன்னதில்ல. எடுத்த பிறகுதான் தெரிஞ்சுது. ஸ்பெகுலத்தைத் தூக்கிப் போடணும்னு யாரும் சொல்லல, நானும் சொல்லல. அது வேலை செய்யுது. அந்த ஆபரேஷனின் அடிப்படையும் இன்னும் வேலை செய்யுது. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் கேத்தரின், ரெஜினால்ட் ஹாம்லின் தம்பதி 1974ல் தொடங்கிய ஃபிஸ்டுலா மருத்துவமனையில் பல்லாயிரம் பெண்கள் காய்ந்த துணியோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். உலகத்தில் ஆண்டுக்கு 50,000 முதல் 1,00,000 பெண்களுக்கு இந்த வியாதி புதிதாக வருவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. சிசேரியன் வசதி நேரத்துக்குக் கிடைக்காத இடங்களில்தான் எல்லாம்.

வலி விஷயம் மட்டும் பழைய கதைன்னு நினைச்சிடாதீங்க. 2016ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு. வெள்ளையின மருத்துவ மாணவர்கள், ரெசிடெண்ட் டாக்டர்களில் சுமார் பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்யான நம்பிக்கைகளில் ஏதாவது ஒன்றையாவது உண்மை என்று சொன்னார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். நமக்கு ஏன் அமெரிக்கா? நம்ம லேபர் வார்டுல வலியில கத்துற பொண்ணை, எதுக்கும்மா இப்படிக் கத்துறேன்னு அதட்டுற குரலைக் கேட்காம பிரசவம் முடிச்சு வந்தவங்க கமெண்ட்ல சொல்லுங்க.

அந்தக் காலிப் பீடத்துக்கு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. புதுச் சிலைக்குப் போட்டி வைத்தார்கள். தேர்வுக் குழு ஒருவரைச் சொல்ல, கிழக்கு ஹார்லெம் மக்கள் எங்களுக்கு இது வேண்டாம் என்று கொதிக்க, தேர்வான கலைஞரே விலகிக்கொண்டார். 2019ல் மக்கள் கேட்ட வின்னி பேக்வெல் என்ற கறுப்பினப் பெண் சிற்பிக்கு வேலை போனது. அவருடைய வடிவமும் வெண்கலம்தான்: சிறகு விரித்த ஒரு கறுப்பினப் பெண்.

மாண்ட்கோமரியில் கதை வேற மாதிரி போகுது. அங்கே அலபாமா சட்டமன்றக் கட்டட வளாகத்தில் சிம்ஸுக்கு 1939ல் வைத்த இன்னொரு சிலை உண்டு. நியூயார்க்கில் லாரி வந்ததைப் பார்த்து அது அசையவில்லை. அதே ஊரில் 2021ல் மிஷெல் பிரௌடர் என்ற பெண் கலைஞர், வேண்டாமென்று ஒதுக்கிய பழைய உலோகச் சாமான்களைச் சேர்த்து வெல்டிங் செய்து மூன்று பெண் உருவங்களை நிறுத்தினார். உயரமானது சுமார் 15 அடி. பெண் மருத்துவத்தின் தாய்மார்கள் என்று பெயர் வைத்தார். அனார்கா, பெட்ஸி, லூசி. அதோடு விடாமல், சிம்ஸின் பின்கட்டு ஆஸ்பத்திரி இருந்த இடத்தையும் விலைக்கு வாங்கினார். அதில் ஒரு அருங்காட்சியகமும், பெண்களுக்கான கிளினிக்கும் கொண்டுவருவது அவர் திட்டம்.